நாய்த் தீவனப் பைகள்: சொல்வதும் சொல்லாததும்

புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிறவர் அட்டைப் படத்தைப் பார்த்து எழுதுவதில்லை; உள்ளே இருப்பதைப் படித்துத்தான் எழுதுகிறார். நாய்த் தீவனம் வாங்கும்போது மட்டும் நாம் அட்டையோடு நின்றுவிடுகிறோம். பையின் முன்புறத்தில் மினுமினுக்கும் உடம்போடு ஒரு நாய் நிற்கிறது. அதன் காலடியில் கோழிக்கறியும் காரட்டும் பச்சைப் பட்டாணியும் கிடக்கின்றன. பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படிப்பவர் மிகச் சிலரே. அந்தப் பொடி எழுத்தைத்தான் இங்கே மதிப்பிடப் போகிறோம்.

இதற்கு என்ன அவசியம் வந்தது என்று கேட்கலாம். முன்பெல்லாம் புதுக்கோட்டை மாவட்டத்தில் நாய்க்கென்று தனி உணவு கிடையாது. மிஞ்சிய சோறு, குழம்பு, மீன் முள், கறிக்கடை எலும்பு, இவைதாம் அதன் சாப்பாடு. இன்றோ புதுக்கோட்டையில் மட்டுமன்றி அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி போன்ற ஊர்களிலும் உலர் உணவுப் பைகள் விற்கின்றன. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி இனக் குட்டிகளை ஆசையோடு வளர்க்கும் குடும்பங்கள் மாதச் செலவில் ஒரு தொகையை இதற்கு ஒதுக்குகின்றன. ஒரு பைக்கும் இன்னொரு பைக்கும் கிலோவுக்கு மூன்று, நான்கு மடங்கு விலை வித்தியாசம் இருக்கிறது. கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டில் இது சிறிய தொகை அன்று. அந்த வித்தியாசத்துக்கு உள்ளே என்ன இருக்கிறது?

நம் கடைகளில் அடிக்கடி பேசப்படும் நான்கு பெயர்களை எடுத்துக்கொள்வோம். பெடிகிரி, அமெரிக்க மார்ஸ் நிறுவனத்துடையது. இந்தியாவில் ஐதராபாத் ஆலையில் செய்யப்படுகிறது. ட்ரூல்ஸ், சத்தீஸ்கர் மாநிலம் ராஜ்நந்த்காவைச் சேர்ந்த ஒரு கோழிப்பண்ணைக் குழுமத்தின் தயாரிப்பு. ராயல் கேனின், 1968இல் பிரான்சில் ஒரு கால்நடை மருத்துவர் தொடங்கியது. இன்று அதுவும் மார்ஸுக்கே சொந்தம். ஃபார்மினா இத்தாலியிலிருந்து வருவது. முதல் பெயர் மலிவு வரிசையிலும் கடைசிப் பெயர் உயர்விலை வரிசையிலும் இருக்கின்றன.

இவற்றின் பின்புறத்தைப் புரட்டினால் பெடிகிரியின் பட்டியல் தானியங்களிலும் தானிய உபபொருள்களிலும் தொடங்குகிறது. ட்ரூல்ஸ் கோழியை முன்னே வைக்கிறது. ராயல் கேனின் உலர்த்திய கோழிப் புரதத்தையும் மக்காச்சோளத்தையும் சொல்கிறது. ஃபார்மினாவின் முதற்சொல் எலும்பில்லாத கோழிக்கறி. பட்டியலில் எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது வழக்கம். ஆகவே முதலில் கறி வந்தால் உயர்ந்த தீவனம், முதலில் தானியம் வந்தால் தாழ்ந்த தீவனம் என்று பலரும் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். தரம் பிரித்துப் பட்டியல் போடுகிறவர்களில் பெரும்பாலோர் கையாளும் முறையும் இதுதான். இந்த அளவுகோல் பார்ப்பதற்கு நேராக இருந்தாலும் நடுவில் வளைந்தது என்பது என் கருத்து.

முதலில் தண்ணீர்க் கணக்கைப் பாருங்கள். பட்டியலில் சொல்லும் எடை, பொருள் இயந்திரத்துக்குள் போகும்போது உள்ள எடை. பச்சைக் கோழிக்கறியில் ஏறத்தாழ 70 சதவீதம் நீர். 30 கிலோ பச்சைக் கறியைச் சேர்த்தால் உண்மையான திடப்பொருள் 9 கிலோதான். உலர் உணவாக வெளிவரும்போது ஈரம் சுமார் 10 சதவீதம் இருக்கும் என்று கொண்டால், அந்த 30 கிலோ 10 கிலோவாகச் சுருங்கிவிடுகிறது. இன்னொரு பையில் ஏற்கெனவே உலர்த்திப் பொடித்த கோழி மாவு 20 கிலோ சேர்த்திருந்தால், அது ஏறக்குறைய 20 கிலோவாகவே நிற்கும். முதற்பையில் ‘கோழிக்கறி’ முதலிடத்தில் இருக்கும். இரண்டாவதில் ‘கோழி மாவு’ ஒருவேளை இரண்டாம் இடத்தில் இருக்கும். ஆயினும் கோழி அதிகம் உள்ளது இரண்டாவது பையில். கறியும் கருவாடும் ஒரே தராசில் ஏறினால் வரும் குழப்பம் இது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரையில் மீன் காயப்போடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்தது, பிரித்து எழுதும் தந்திரம். ஒரு கலவையில் கோழி 20 பங்கு, மக்காச்சோளம் 18, அரிசி 17, கோதுமை 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலில் கோழிதான் தலைவர். ஆனால் தானியங்களைக் கூட்டினால் 50 பங்கு. மாறாக, ‘தானியங்கள்’ என்று ஒரே சொல்லில் எழுதுகிறவர் தாமே முன்வந்து தானியத்தை முதலிடத்தில் வைத்துக் கெட்ட பெயர் வாங்கிக்கொள்கிறார். இந்த வகையில் பெடிகிரி பையின் பட்டியல் நேர்மையானது எனலாம். ஆனால் அதே கூட்டுச் சொல்லில் வேறொரு மறைவு இருக்கிறது. எந்தத் தானியம், எவ்வளவு என்று சொல்ல வேண்டியதில்லை. சந்தை விலைக்கேற்ப இந்த மாதம் மக்காச்சோளமும் அடுத்த மாதம் கோதுமையுமாக மாற்றிக்கொள்ளலாம். வயிறு இளகிய நாய் வைத்திருப்பவருக்கு இது தொல்லை. பெயர் சொல்லி எழுதும் பைகள் இங்கே ஒரு படி மேல்.

‘உபபொருள்’ என்ற சொல்லைக் கண்டு முகம் சுளிப்பதும் ஒரு வழக்கமாகிவிட்டது. ‘எங்களிடம் உபபொருளே இல்லை’ என்று பெருமையாக அச்சிடும் பைகளும் உண்டு. உபபொருள் என்பது என்ன? ஈரல், இதயம், மண்ணீரல், நுரையீரல், குடல், கிட்னி. தசைக்கறியை மட்டும் உண்டு மற்றதை ஒதுக்கும் மேல்நாட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து பிறந்த பயம் இது. நம் ஊர்க் கறிக்கடையில் ஈரலுக்கும் குடலுக்கும் முன்கூட்டியே சொல்லிவைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சத்துக் கணக்கில் ஈரல் தசைக்கறியைவிட உயர்ந்தது. வைட்டமின் ஏ, இரும்பு, செம்பு ஆகியவை அதில் மிகுதி. ஆகவே உபபொருள் என்பதற்காக ஒரு பையைத் தள்ளிவிட வேண்டியதில்லை. எந்த உறுப்பு, எவ்வளவு புதியது, வெட்டி எத்தனை மணி நேரத்தில் வேகவைத்தது என்பவைதாம் கேள்விகள். இவற்றுக்குப் பட்டியலில் பதில் இல்லை.

பட்டியலை விட்டு எண்களுக்கு வருவோம். ‘கச்சாப் புரதம் குறைந்தது 20 சதவீதம்’ என்பது போன்ற வரி எல்லாப் பைகளிலும் இருக்கும். வளர்ந்த நாய்க்கான பெடிகிரியில் இந்த எண்ணே இருக்கிறது. அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கம் வகுத்த அளவுப்படி, ஈரத்தை நீக்கிய எடையில் வளர்ந்த நாய்க்குக் குறைந்தது 18 சதவீதமும், குட்டிக்கும் சினை நாய்க்கும் 22.5 சதவீதமும் புரதம் வேண்டும். 12 சதவீத ஈரமுள்ள தீவனத்தில் 20 சதவீதம் என்றால், ஈரம் நீங்கிய கணக்கில் 22.7 ஆகிறது. எண்ணளவில் குறையில்லை.

ஆனால் அந்த எண் எப்படி வருகிறது? 1883இல் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் என்ற வேதியியலார் கண்ட முறையை இன்றும் பின்பற்றுகிறார்கள். மாதிரியை அடர் கந்தக அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளக்கிறார்கள். புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் உண்டு. ஆகவே கிடைத்த நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கி, ‘இவ்வளவு புரதம்’ என்கிறார்கள். அளக்கப்படுவது நைட்ரஜன், எழுதப்படுவது புரதம்! கோழி இறகையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் அதில் 80 சதவீதத்துக்கு மேல் புரதம். ஆனால் இறகின் கெரட்டினை அப்படியே கொடுத்தால் நாயின் குடலால் அதைச் செரிக்க முடியாது. முட்டையும் இறகும் சோதனைக் குழாயில் அண்ணன் தம்பி; வயிற்றில் இரண்டுக்கும் உறவே இல்லை.

இந்த ஓட்டையில் புகுந்த மோசடி ஒன்று உலகை உலுக்கியது. 2007 மார்ச்சில், வட அமெரிக்காவில் மெனு ஃபுட்ஸ் என்ற நிறுவனம் டப்பாவிலும் உறையிலும் அடைத்த நாய், பூனை உணவை 6 கோடிப் பொட்டலங்களுக்கு மேல் திரும்பப் பெற்றது. சீனாவிலிருந்து வாங்கிய கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. மெலமைன் பிளாஸ்டிக் தட்டு செய்ய உதவும் பொருள். அதன் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். 6.25ஆல் பெருக்கிப் பாருங்கள்: 400 சதவீதத்துக்கு மேல் ‘புரதம்’! மெலமைனும் சயனூரிக் அமிலமும் சிறுநீரகத்தில் சேர்ந்து படிகமாகி, நாய்களும் பூனைகளும் மாண்டன. அடுத்த ஆண்டே சீனாவில் குழந்தைப் பால்மாவில் அதே மெலமைன் கலக்கப்பட்டு, ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டன. நம் ஒப்பீட்டுக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. திரும்பப் பெற்ற பொட்டலங்களில் மலிவான பெயர்களும் விலையுயர்ந்த பெயர்களுமாகப் பல பத்துப் பெயர்கள் இருந்தன. எல்லாம் ஒரே நிறுவனத்தின் ஆலைகளில் அடைத்தவை.

தானியத்தின் மீதான வெறுப்பு எவ்வளவு நியாயம்? நாய் ஓநாயின் வழிவந்தது, ஓநாய் சோளம் தின்னாது, ஆகவே நாய்க்கும் தானியம் ஆகாது என்பது விளம்பர வாதம். 2013இல் சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்து எரிக் ஆக்செல்சன் குழுவினர் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. மாவுப்பொருளைச் செரிக்கும் அமிலேஸ் என்னும் நொதிக்குரிய மரபணு ஓநாயில் 2 பிரதிகள்தாம். நாயில் 4 முதல் 30 வரை. மனிதனின் அடுப்பங்கரையை அண்டி வாழ்ந்த காலத்தில் நாய் சோறுண்ணக் கற்றுக்கொண்டது. அந்தப் பாடம் அதன் செல்களிலேயே எழுதப்பட்டுவிட்டது.

மேலும், மாவுப்பொருள் இல்லாமல் இந்த உருண்டையைச் செய்வதும் கடினம். முறுக்கு பிழிவதைப் போல, மாவுக் கலவையை நீராவியோடும் அழுத்தத்தோடும் அச்சின் வழியாகப் பிதுக்குகிறார்கள். அழுத்தம் நீங்கியதும் பொரியைப் போல உப்பி நிற்கிறது. 1957இல் அமெரிக்காவின் பியூரினா நிறுவனம் இம்முறையில் நாய் உணவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உருண்டை உதிராமல் நிற்க ஏதேனும் மாவு வேண்டும். ‘தானியமற்றது’ என்று எழுதிய பையில் அந்த இடத்தைப் பட்டாணியோ உருளைக்கிழங்கோ பருப்போ பிடித்துக்கொள்கிறது. 2018 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், இத்தகைய தீவனம் உண்ட நாய்கள் சிலவற்றில் இதயத் தசை தளர்ந்து விரியும் நோய் காணப்படுவதை ஆராயப் போவதாக அறிவித்தது. இதுதான் காரணம் என்று நிறுவப்படவில்லை. ஆனால் கூடுதல் விலை கொடுத்துத் தானியத்தைத் தவிர்க்க வேண்டும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. தானிய ஒவ்வாமை மருத்துவர் கண்டுபிடித்த நாய்க்கு மட்டும் அது பொருந்தும்.

தானியத்தில் அஞ்ச வேண்டியது அதன் பெயரை அன்று, அதன் மேலுள்ள பூஞ்சையை. நிலக்கடலை விளையும் நம் மாவட்டத்தில் இதை விளக்குவது எளிது. ஈரத்தோடு மூட்டை கட்டிய கடலையில் அஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை வளர்ந்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் பிரேசில் கடலைப் புண்ணாக்கைத் தின்ற ஏறத்தாழ 1 லட்சம் வான்கோழிகள் இறந்தபோதுதான் இந்நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது. மக்காச்சோளத்திலும் இது வரும். சமையல் வெப்பத்தில் அழியாது. நாயின் கல்லீரல் இதைத் தாங்குவதில்லை. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்போர்ட்மிக்ஸ் என்ற உலர் உணவு இக்காரணத்தால் திரும்பப் பெறப்பட்டது. நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் இறந்ததாகத் தகவல்கள் வந்தன. நல்ல மக்காச்சோளமும் பூஞ்சை பிடித்த மக்காச்சோளமும் பட்டியலில் ஒரே சொல்தான். ஒரு மூட்டையைச் சோதித்து ஏற்றதா, தள்ளியதா என்பதை ஆலையின் ஆய்வுக்கூடம் அறியும், பை அறியாது.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா? இந்தியாவின் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் மனிதர் உண்பதையே உணவு என்கிறது. விலங்குத் தீவனம் அதற்குள் வராது. பொட்டலச் சரக்குக்குரிய விதிகள் எடை, விலை, மாதம், ஆண்டு, முகவரி ஆகியவற்றை அச்சிடச் சொல்கின்றன. உள்ளிருக்கும் புரதம் எவ்வளவு செரிக்கும் என்று சொல்ல யாரையும் அவை வற்புறுத்துவதில்லை. இந்த ஒரு எண்ணை அச்சிட்டால் போதும், பாதி விளம்பரங்கள் வாயடைத்துப் போகும்.

அப்படியானால் நான்கு பைகளைப் பற்றி என்னதான் சொல்லலாம்? ஃபார்மினாவில் விலங்குப் புரதமும் கொழுப்பும் மிகுதி. ஓடியாடி உழைக்கும் நாய்க்கு அது நல்லது. வாசலில் கட்டிக் கிடக்கும் நாய்க்கு அதே அளவில் வைத்தால் தொந்தி போடும். ராயல் கேனினுக்குக் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு, வயது, உடல் அளவு, இனம் என்று நுணுக்கமாகப் பிரித்ததற்கு. நோயுற்ற நாய்க்கான வகைகளில் அதற்குப் பொருள் உண்டு. நலமாயுள்ள நாட்டு நாய்க்கு அவ்வளவு பிரிவு தேவையில்லை. ட்ரூல்ஸ் கோழியைக் குறிப்பிட்டுச் சொல்வது வரவேற்கத்தக்கது. ‘உண்மையான கோழி’ என்ற முழக்கத்தை மட்டும் தண்ணீர்க் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள். பெடிகிரியில் மாவுப்பொருள் அதிகம். புரதம் 20, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 12, சாம்பல் சுமார் 8 என்று கழித்தால் மிச்சம் 45. ஆயினும் வளர்ந்த நாயைப் பட்டினி போடும் தீவனம் என்று அதை இகழ்வது சரியன்று. நாய் எதை விரும்பித் தின்கிறது என்பதை வைத்தும் முடிவு கட்ட முடியாது. உருண்டையின் மேலே ஈரல் சாற்றுப் பொருளையும் கொழுப்பையும் தெளிக்கிறார்கள். நாய் மயங்குவது அந்த வாசனையில். சில வகைகளில் காணும் சிவப்பு, பச்சை நிறங்களோ நமக்காக. நாய்க்குச் சிவப்பும் பச்சையும் வேறாகத் தெரிவதில்லை.

ஒப்பிட வேண்டிய ஐந்தாவது ‘பை’ ஒன்று இருக்கிறது: நம் வீட்டுச் சோற்றுப் பானை. 20 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 1000 கலோரி வேண்டும். மலிவான உலர் உணவில் 300 கிராம் வைத்தால் அது கிடைக்கும். கூடவே 60 கிராம் புரதமும் வரும். ஐந்தில் நான்கு பங்கே செரித்தாலும் 48 கிராம். அதே கலோரிக்கு 280 கிராம் அரிசியைச் சோறாக்கிப் போட்டால் புரதம் 22 கிராம்தான். சுண்ணாம்புச் சத்து ஏறக்குறைய இல்லை. மோரும் குழம்பும் ஊற்றி வளர்த்த குட்டியின் கால் வளைவது இதனால்தான். விலைமிக்க இரண்டு பைகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிட, எந்தப் பைக்கும் வெறுஞ்சோற்றுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரிது.

பை வாங்க இயலாதவர் மனம் தளர வேண்டாம். அரிசியை 230 கிராமாகக் குறைத்து, 3 முட்டையும், உப்பிடாமல் காயவைத்த நெத்திலி 20 கிராமும் வேகவைத்துச் சேர்த்தால் புரதம் 50 கிராமை நெருங்கும். உப்புக் கருவாடு கூடாது. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. பாதி ஓட்டைக் கழுவி, வறுத்து, மாவாகப் பொடித்துக் கலக்கலாம். அரிசியில் ஒரு பகுதிக்குப் பதில் கேழ்வரகும் நல்லதே. துத்தநாகம், வைட்டமின் ஈ போன்றவற்றில் அப்போதும் குறை இருக்கலாம். வளரும் குட்டி, சினை நாய் என்றால் கால்நடை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அண்டையிலுள்ள ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

குட்டிகளுக்கான பைத் தீவனம் வாங்குகிறவர்கள் இதற்கு நேர்மாறான தவறைச் செய்கிறார்கள். தீவனத்தில் ஏற்கெனவே அளவாகச் சுண்ணாம்புச் சத்து இருக்க, மருந்துக் கடையில் கால்சியம் டானிக்கும் வாங்கி ஊற்றுகிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் கிரேட் டேன் குட்டிகளை வைத்து நடந்த ஆய்வு 1985இல் வெளிவந்தது. சுண்ணாம்புச் சத்து மிகுந்தாலும் எலும்பு கோணலாக வளரும் என்பதை அது காட்டியது. பெரிய இனக் குட்டியின் குடலுக்கு, வேண்டாததைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் குறைவு.

கடைசியாக, சில்லறை விற்பனை. 20 கிலோ மூட்டையைப் பிரித்து, கிலோ, அரைக் கிலோவாகக் கண்ணாடிப் பையில் கட்டி விற்பது சிற்றூர்களில் சாதாரணம். ஒரே தடவையில் பெரிய பை வாங்க முடியாதவருக்கு இது உதவி என்பதை மறுக்கவில்லை. ஆனால் அப்படிக் கட்டும்போது இத்தனை நேரம் நாம் படித்த பின்புறமே காணாமற்போகிறது. பெயர் இல்லை, தேதி இல்லை, குட்டிக்கா பெரிய நாய்க்கா என்பதும் இல்லை. அதோடு உருண்டையின் மேலுள்ள கொழுப்பு காற்றுப் பட்டு, சித்திரை வெயிலில் சிக்கு வாடை அடிக்கத் தொடங்குகிறது. அப்போது வைட்டமின் ஏயும் ஈயும் அழிகின்றன. சில்லறையாகத்தான் வாங்க வேண்டும் என்றால், அன்று பிரித்த மூட்டையிலிருந்து, உங்கள் கண்ணெதிரே அளந்து வாங்குங்கள். மூட்டையின் பின்புறத்தையும் தேதியையும் காட்டச் சொல்லுங்கள். கைபேசி இருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பையோடு சேர்த்தே மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். பழைய தூள் அடியில் ஒட்டிக் கிடக்கும் பிளாஸ்டிக் வாளியில் புதுத் தீவனத்தைக் கொட்டினால், அந்தக் கெட்ட கொழுப்பு புதியதையும் விரைவில் கெடுத்துவிடும்.